வீட்டில் கஞ்சா செடி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் வக்கீலாக இருக்கிறேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ராகியும் தக்காளியும் போட்ட குடும்பம் என்பதால் செடி கொடி விஷயத்தில் கொஞ்சம் ஞானம் உண்டு. அதனாலோ என்னவோ, கஞ்சா செடி பற்றிய கேள்விகள் என்னிடமே வந்து சேர்கின்றன. ஓசூரில் வேலை செய்யும் பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு ஒருவிதமாகக் கேட்பார்கள். அஞ்செட்டி, அரூர் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் வேறு விதமாக, தொண்டை அடைக்கக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் இங்கே பதில் கிடைக்காது.

ஒரே ஒரு செடி சார். மாடியில் பூந்தொட்டியில். எனக்கு மட்டும்தான். அதுவும் குற்றமா?

குற்றம்தான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நாம் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்வது, தன் 8ஆவது பிரிவில் கஞ்சா செடி பயிரிடுவதைத் தடை செய்கிறது. தண்டனை 20ஆவது பிரிவில் இருக்கிறது: 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்பதற்கா, சொந்த உபயோகத்துக்கா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. தொட்டியா, ஏக்கரா என்றும் கேட்பதில்லை.

‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லாததால் ஒரு செடிக்கும் ஓர் ஏக்கருக்கும் நீதிபதி வித்தியாசம் பார்க்கலாம். ஆனால் அது வழக்கின் கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் கைது, ரிமாண்ட், ஜாமீன் மனு, வருடக்கணக்கில் வாய்தா எல்லாம் இருக்கிறது.

ஒரு கிலோவுக்குள் இருந்தால் சின்ன கேஸ் என்கிறார்களே?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மத்திய அரசு 2001 அக்டோபரில் ஓர் அறிவிப்பாணை வெளியிட்டு ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் இரண்டு எல்லைகள் வைத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் கீழே ‘சிறிய அளவு’, 20 கிலோவுக்கு மேலே ‘வணிக அளவு’. சிறிய அளவு வைத்திருந்தால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20. நடுவில் உள்ளவற்றுக்கு 10 ஆண்டுகள் வரை.

இந்தக் கிலோக் கணக்கு முழுவதும் வைத்திருப்பது, கடத்துவது, விற்பது, வாங்குவது போன்றவற்றுக்கு. அதே 20ஆவது பிரிவில் பயிரிடுவதற்குத் தனி உட்பிரிவு இருக்கிறது. அதில் அளவு என்ற பேச்சே கிடையாது. அதனால் விபரீதமான ஒரு நிலைமை உண்டாகிறது. சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கு அதிகபட்சம் 1 ஆண்டு. ‘கண்டவனிடம் வாங்குவானேன், நாமே ஒரு செடி வைத்துக்கொள்வோம்’ என்று தொட்டியில் வளர்த்தவனுக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகள். வளர்ப்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிற பையன்களுக்கு இந்த ஒரு வரியைச் சொன்னாலே முகம் மாறிவிடும். இந்த ஏற்பாடு நியாயமா என்று கேட்டால், என் சொந்த அபிப்பிராயத்தில், தொட்டிச் செடிக்கும் மலைச்சரிவில் போட்ட தோட்டத்துக்கும் ஒரே உட்பிரிவு என்பது சரியில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்து யாரும் ஜாமீன் தர மாட்டார்கள்.

செடி பூக்கவே இல்லை. இலை கஞ்சா ஆகாது என்று படித்தேனே?

பாதி சரி. சட்டத்தில் ‘கஞ்சா’ என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். அந்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. வடநாட்டில் பாங்கு என்று இந்த இலையை அரைத்துக் குடிக்க முடிவது இந்த ஓட்டையால்தான்.

ஆனால் ‘கஞ்சா செடி’க்கு வேறு விளக்கம்: கன்னாபிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். இந்தச் செடியில் ஆண், பெண் தனித்தனி. போதை தரும் பிசின் அதிகம் சுரப்பது பெண் பூவைச் சுற்றித்தான். சட்டத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. நான்கு இலை விட்ட நாற்றும் செடி, பூக்காத செடியும் செடி, ஒன்றுக்கும் உதவாத ஆண் செடியும் செடி.

இலையை மட்டும் வைத்திருந்தாலும் தமிழ்நாட்டில் தப்பிக்க முடியாது. நம் மதுவிலக்குச் சட்டம் 1937இல் வந்தது. அதில் போதைப்பொருள் என்பதற்குள் இந்தச் செடியின் இலையும் இளந்தண்டும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. ராஜாஜி அமைச்சரவை அந்தச் சட்டத்தை முதன்முதலில் அமலாக்கியது, அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில். அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். அந்த வகையில் நாட்டுக்கே முன்னோடி நாம்.

வீட்டுக்குள் வளர்ப்பதற்கும் வெளியே வளர்ப்பதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டா?

கிடையாது.

நடைமுறையில் உண்டு. வயலில் செடி இருந்தால் ‘யாரோ போட்டது, எனக்குத் தெரியாது’ என்று வாதாடக் கொஞ்சம் இடம் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் விளக்கும் மின்விசிறியும் நேரம் வைத்து அணைக்கும் ஸ்விட்சும் வைத்து வளர்த்தால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. இந்தச் செடி பகல் பொழுது குறையும்போது பூக்கிற ஜாதி, கார்த்திகையில் செவ்வந்தி பூக்கிற மாதிரி. அதனால்தான் அறைக்குள் வைப்பவர்கள் இருட்டையும் வெளிச்சத்தையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாடு ஒவ்வொன்றும் மகஜரில், அதாவது சோதனையில் கண்டதைப் போலீஸ் எழுதும் பதிவில், ஏறும். தெரிந்தே, திட்டமிட்டுச் செய்தார் என்பதற்கு அதைவிட அரசுத் தரப்புக்கு என்ன வேண்டும்?

டென்ட்டும் எல்.இ.டி. விளக்கும் வாங்கிவிட்டேன். அவற்றை வைத்திருப்பதே குற்றமா?

வெறும் விளக்கு குற்றமாகாது. கீரை நாற்று, புதினா, லெட்யூஸ், ஸ்ட்ராபெரி எது வேண்டுமானாலும் வளருங்கள். ஓசூர்க் குளிருக்கு நன்றாக வரும். மூடிய கூடாரத்துக்குள் வளர்ப்பதில் நிஜமாகவே ஆர்வம் என்றால் தளியில் இந்தியா–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், விளக்குக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

விதை மட்டும் ஆன்லைனில் வாங்கினால்?

சாப்பிடுகிற விதை வேறு, விதைக்கிற விதை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் இந்த விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றுக்கொண்டது. போதைச் சத்தான டி.எச்.சி. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிக் கடையில் விற்பதைச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து முளைக்கிற விதையை வரவழைப்பது தாவரத் தொற்றுத்தடை விதிகளில் சிக்கும். அதை மண்ணில் போட்டால் முதல் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். முளைக்காவிட்டாலும் 28ஆவது பிரிவின்படி முயற்சிக்கும் அதே தண்டனைதான்.

பெங்களூரு பிளாட்டில் வளர்த்தால் தமிழ்நாட்டுப் போலீஸ் என்ன செய்யும்?

தமிழ்நாட்டுப் போலீஸ் எதற்கு? கர்நாடகப் போலீஸே போதும். இது மத்தியச் சட்டம். அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், இது மாறாது.

ஜெர்மனியில், கனடாவில் வீட்டிலேயே வளர்க்கலாமாமே?

வளர்க்கலாம், எண்ணி வைத்து. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள். அங்கேயும் சில மாகாணங்கள் ‘எங்களிடம் கூடாது’ என்று மறுத்தன. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று செடிகள், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். தாய்லாந்து 2022இல் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ விற்கலாம் என்று திரும்பவும் இறுக்கியது. ஓசூரிலிருந்து மியூனிக் போய் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அங்கே வளர்த்ததன் விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்டார். சாக்லேட் வாங்கி வரச் சொன்னேன்.

2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது உண்மை. 27க்கு 25 என்று மயிரிழையில் நிறைவேறிய தீர்மானம் அது. அந்த வாக்கால் உள்நாட்டுச் சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் கொல்லையில் இருந்ததாம். அப்போதெல்லாம் தடை இல்லையே?

1985க்கு முன் நாடு முழுவதற்குமான இவ்வளவு கடுமையான சட்டம் இல்லை. ஆனால் தாத்தா காலத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்பது கதை. வெள்ளைக்காரன் காலத்திலேயே சென்னை மாகாணத்தில் கஞ்சா உரிமத்துக்கும் வரிக்கும் கட்டுப்பட்ட பயிர். நமக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் அப்படி உரிமத்தோடு பயிரிட்ட இடம். 1893இல் இதற்கென்றே ஒரு விசாரணைக் குழு போட்டு, ஊர் ஊராகச் சாட்சி வாங்கினார்கள். முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்பது அந்தக் குழுவின் முடிவு.

சித்த வைத்தியத்திலும் இதற்கு இடம் உண்டு. மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் அட்டவணையில் வைத்து, உரிமம் பெற்ற தயாரிப்பாளர், மருத்துவர் மேற்பார்வை என்ற வரம்போடு இன்றும் இருக்கிறது. லேகியம் கிண்டத்தான் வளர்க்கிறேன் என்று யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

‘தொழில்துறை சணல்’ ஒப்பந்த விவசாயம் என்று ஒருவர் வந்து முன்பணம் கேட்கிறார். போடலாமா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பசுந்தாள் உரத்துக்கு நாம் மடக்கி உழும் சணப்பை, மஞ்சள் பூ பூக்கும், அது அவரைக் குடும்பம். கோணிப்பை சணல் இன்னொரு செடி. இந்த மனிதர் சொல்லும் ‘ஹெம்ப்’ கஞ்சா செடியேதான், டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கும்படி தேர்ந்த ரகம். மூன்றையும் ‘சணல்’ என்றே செய்தித்தாள்களில் எழுதிவிடுவதால் வந்த வினை.

நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதி தரலாம் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. அதைப் பயன்படுத்தி உத்தராகண்ட் 2018இல் முதல் உரிமம் கொடுத்தது. இமாச்சலமும் அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு அப்படி ஓர் உரிமத் திட்டம் இல்லை. எனவே ‘லைசென்ஸ் கம்பெனி பேரில் இருக்கு, நீங்க நட்டா போதும்’ என்றால், கம்பெனிக்காரன் பெங்களூருவிலும் நீங்கள் சேலம் மத்திய சிறையிலும் இருப்பீர்கள். 0.3 சதவீதம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பரிசோதனைக்கூட அறிக்கை வரும்வரை அது கஞ்சா தோட்டம்தான்.

ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? 2012 வாக்கில் கொங்குப் பக்கம் எத்தனை பேர் நகையை வைத்துக் கூண்டு கட்டினார்கள்! அதிலாவது போனது பணம் மட்டும். ஒப்பந்தப் பயிர்தான் வேண்டுமென்றால் நம் மண்ணுக்குப் பழகிய மருந்துக்கூர்க்கன் இருக்கிறது. அதற்கும் கொள்முதல் விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு நடுங்கள்.

நிலத்தை ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டேன். அவர் நடுவில் கஞ்சா போட்டிருந்தால் நான் மாட்டுவேனா?

இதுதான் நம் மாவட்டங்களில் நிஜமாகக் குடும்பங்களை அலைக்கழிக்கும் கேள்வி. மலையோரத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி. மகன்கள் ஓசூரிலும் பெங்களூருவிலும். நிலத்தைச் சும்மா போடாமல் யாருக்கோ வாய்ப்பேச்சில் குத்தகை. வருடத்துக்கு ஒரு தடவை பணம் வாங்கப் போவதோடு சரி. ஆமணக்கோ துவரையோ செண்டுமல்லியோ ஆள் உயரத்துக்கு நிற்கும்; உள்ளே ஊடுபயிராக என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

46ஆவது பிரிவு நில உரிமையாளர் மேல் ஒரு கடமையை வைக்கிறது. தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா பயிராகிறது என்று தெரிந்தால் உடனே போலீசுக்கோ உரிய துறைக்கோ சொல்ல வேண்டும். தெரிந்தே சொல்லாமல் இருந்தால் தண்டனை. தெரிந்தே இடம் கொடுத்தார் என்று நிரூபணமானால் 25ஆவது பிரிவு. பயிரிட்டவருக்கு என்ன தண்டனையோ அதுவே உங்களுக்கும். இரண்டிலும் ‘தெரிந்தே’ என்ற சொல்தான் உயிர். தெரியாது என்பதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? பட்டா உங்கள் பேரில். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு ஒரு காகிதமும் இல்லை. போலீஸ் முதலில் வந்து நிற்பது பட்டாதாரர் வாசலில்தான்.

அதனால் நான் சொல்வது இது. குத்தகையை எழுத்தில் போடுங்கள், எந்தப் பயிர் என்பதையும் அதில் எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, குறிப்பாகப் பயிர் வளர்ந்து நிற்கும்போது, போய் வரப்பில் நிற்காமல் உள்ளே நடந்து பாருங்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கஞ்சா தென்பட்டால் சொல்ல வேண்டிய கடமை 47ஆவது பிரிவின்படி கிராம அதிகாரிகளுக்கும் உண்டு. குத்தகைதாரரிடம் இதைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் ‘நல்ல மனுஷன், கேட்டால் தப்பாக நினைப்பார்’ என்று நான்கு வருடம் கேட்காமல் இருந்தார். அப்புறம் எட்டு வருடம் என்னோடு கோர்ட்டுக்கு வந்தார்.

ஓசூரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அங்கே அறைக்குள் வளர்த்தால்?

அதே 25ஆவது பிரிவு, அதே ‘தெரிந்தே’. வாடகை ஒப்பந்தமும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும்.

தானாக முளைத்திருந்தால்?

முளைக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை நெடுஞ்சாலையில் லாரி நிற்கும் இடங்களில் யாரோ பொட்டலத்தை உதறிவிட்டுப் போன விதை மழைக்கு எழும்பலாம். உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒருவர் நிலத்தில் சில செடிகள் இருந்தன என்பது மட்டும் போதாது, அவர்தான் பயிரிட்டார் என்று நிரூபிக்க வேண்டும், மண்ணில் கிடந்த விதை இயற்கையாக முளைப்பதும் உண்டு. தண்ணீர் பாய்ச்சியது, வேலி கட்டியது, வரிசையாக நட்டது போன்றவைதான் பயிரிட்டதற்கு அடையாளம்.

ஆனாலும் உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்பு இருக்கிறதா என்று யோசியுங்கள். பார்த்ததும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். இடத்தோடு படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமோ காவல் நிலையத்திலோ ஒரு மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநிலக் காவல்துறைக்கு 10581 என்ற எண்ணிலும், மத்திய அரசின் 1933 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

என் மகன் மொட்டை மாடியில் வைத்திருக்கிறான். பெற்றவள் நான் என்ன செய்வது?

ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டது. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன் அம்மா.

செடியைத் தூக்கி ஒளித்துவைக்காதீர்கள். ஒளித்த இடம் உங்களையும் வழக்குக்குள் இழுக்கும். ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். அவரிடம் சொல்வது வெளியே போகாது. பையனுக்குப் பழக்கம் இருந்தால் சிகிச்சை தொடங்குங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14446 என்ற எண்ணில் ஆலோசனை இலவசம். உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தால், தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பயிரிட்ட வழக்குக்கு அந்த வாசல் திறக்காது. அந்தத் தொட்டி இன்றே ஒரு தீர்வுக்கு வர வேண்டும் என்று நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

போலீஸ் சோதனைக்கு வந்தால் என் உரிமை என்ன?

சுருக்கமாக: உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர்கள் சொல்ல வேண்டும், அது 50ஆவது பிரிவு. வீடு, பை, வண்டிக்கு அது பொருந்தாது. சூரியன் மறைந்தபின் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். மகஜரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தடுத்து மல்லுக்கட்டாதீர்கள், அது தனி வழக்காகும்.

கொல்லையில் இந்த மாதிரி இலை இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். இது அதுதானா?

மாதம் இரண்டு படமாவது வரும். விரல் விரித்த மாதிரி இலை இருந்தாலே நம் ஆட்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. மரவள்ளி இலையும் அப்படித்தான், ஆனால் ஓரம் வழவழப்பாக இருக்கும், பல் இருக்காது. நொச்சியைக் கசக்கினால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். வேளைக்கீரையின் பூவில் நீண்ட மீசை இருக்கும். கஞ்சா இலையில் ஒரே காம்பிலிருந்து ஐந்தோ ஏழோ ஒடுங்கிய சிற்றிலைகள், ஒவ்வொன்றின் ஓரமும் ரம்பப் பல் மாதிரி.

ரம்பப் பல்லோடு, விரல் பிரிந்து, அச்சு அசலாக அதே மாதிரி இருப்பது ஒன்று உண்டு. தாவரவியல்காரர்களே அந்த ஒற்றுமையைப் பார்த்து அதன் பெயரில் ‘கன்னாபினஸ்’, அதாவது கஞ்சா மாதிரியானது, என்று சேர்த்திருக்கிறார்கள். செம்பருத்திக் குடும்பம், தண்டில் சின்ன முள், மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போடுங்கள். புளித்தால் அது புளிச்சக்கீரை. ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து படம் அனுப்பிய பெரியவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம். அவர் சம்சாரம் அதை மிளகாய் கிள்ளிப் போட்டுக் கடைந்து, ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த பிறகுதான் எனக்குத் திரும்பவும் போன் செய்தார்.